மறையாக்கப்பட்ட மெய்நிகர் கணினிகள்: மண்டபத்திலிருந்து ஒரு மதிப்பீடு

மண்டபத்தில் இறால் ஏற்றுமதிக் கணக்குகளைப் பராமரிக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில், ஏஎம்டி நிறுவனத்தின் எபிக் செயலி கொண்ட சர்வரில், மெய்நிகர் கணினிகளை (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள்போல் இயங்குபவை) நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளின் செவ் (SEV) என்ற நினைவக மறையாக்க வசதியை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் நினைவகத்தையும் தனிச் சாவியால் மறையாக்கி, அச்சாவியைச் செயலிக்குள்ளேயே காத்துக்கொள்வதால், நிர்வாகியான நானே அந்நினைவகத்தைக் கோப்பாக எடுத்துப் பார்த்தபோதும், படகு உரிமையாளர்களின் வங்கிக் கணக்கு எண் ஒன்றுகூடத் தென்படாமல் பொருளற்ற எழுத்துக் குவியலே கிடைத்தது. இந்த உறுதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

2018-இல் வெளிவந்த லிப்விர்ட் 4.5.0 பதிப்பிலேயே இவ்வசதி இடம்பெற்றுவிட்டது. வட்டிலுள்ள தரவை இது மறையாக்குவதில்லை; அதற்கு லக்ஸ் (LUKS) என்ற வட்டு மறையாக்க முறை தனியே வேண்டும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றப்படும் நாளில், இவ்வசதியுடன் இயங்கும் மெய்நிகர் கணினியை அப்படியே மதுரைச் சர்வருக்கு மாற்ற வழியின்றி, அணைத்தே மாற்ற வேண்டியிருப்பது எனக்குப் பெருங்குறை.