டிக்கியில் 12 இன்ச் ஊஃபர்: மூன்று வருடம் ஓட்டியபின்

வண்டி பழைய ஸ்விஃப்ட், பெட்ரோல். டிக்கியில் சீல்டு பாக்ஸில் ஒரு 12 இன்ச் சப்ஊஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்), அதற்கு 2 ஓமில் (ஓம் என்பது ஊஃபர் காயிலின் மின்தடை) 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கிடைக்கும் பவர், தரும் மோனோ ஆம்ப்ளிஃபயர். மாட்டி மூன்று வருடம் தாண்டிவிட்டது. சத்தம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: தவிலின் தொப்பிப் பக்கம் நெஞ்சில் விழுகிறது, எனக்கு அது போதும். நான் எழுத வந்தது ஒயரிங் பற்றி. இத்தனை நாள் தொந்தரவில்லாமல் ஓடுவதற்கு அதுதான் காரணம்.

முதலில் வாட்ஸ் கணக்கு. '3000 வாட்ஸ்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தால் நம்பிவிடாமல், ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள். 20 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 40. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்தாலும், உள்ளே போவதே 560 வாட்ஸ்தான். கரண்டை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபயரிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும், 3000 எங்கிருந்து வரும்? என்னுடையதில் 25 ஆம்பியர் இரண்டு. 500 வாட்ஸுக்கு அது பொருந்தி வருகிறது.

ஒயர் விஷயத்தில்தான் கடையில் இழுபறி. அவர்கள் கொடுத்தது 8 கேஜ் ஒயர் கிட் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்). பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. அது சுத்தச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்றால், 40 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒயரிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும், ஒயரும் சூடாகும். 4 கேஜ் சுத்தச் செம்பில் 0.2 வோல்ட்கூட இறங்காது. விலை கூடத்தான். ஊஃபரில் ஒரு மாடல் கீழே இறங்கினாலும் பரவாயில்லை, இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்து ஃபியூஸ். மாட்டிய பையன், "அண்ணா, ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்குல்ல, பேட்டரிகிட்ட எதுக்குண்ணா இன்னொண்ணு?" என்றான். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயரில் உள்ளது ஆம்ப்ளிஃபயரைக் காக்க. பேட்டரியிலிருந்து அதுவரை வரும் 5 மீட்டர் ஒயரைக் காக்க யாரும் இல்லை. எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலில், ஒயர் நுழையும் ஓட்டையின் தகரம் அதிர்வில் இன்சுலேஷனை அறுத்து, செம்பு பாடியைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் பழுத்துத் தரைவிரிப்பில் தீப்பிடிக்கும். அதனால் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒன்றரை அடிக்குள் மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டும். நான் போட்டது 60 ஆம்பியர். ஒயர் தாங்கும் அளவைவிடப் பெரிய ஃபியூஸ் போடுவதும் போடாததும் ஒன்றுதான். ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் வளையம் (கிராமெட்), பானட்டுக்குள் ஒயர் மேல் ஸ்லீவ். வேலை தொடங்கும்போது பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட வேண்டும், கடைசியில்தான் திரும்ப மாட்ட வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரின் மைனஸை வண்டி பாடியோடு சேர்க்கும் எர்த் ஒயரும் அதே 4 கேஜ்தான், நீளம் முக்கால் மீட்டருக்குள். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் தகரத்தில் லக் (ஒயர் முனையில் வரும் உலோக வளையம்) வைத்து போல்ட். சீட்பெல்ட் போல்ட்டைத் தொட விடாதீர்கள், அது உயிர் காக்கும் போல்ட். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருப்பதால், டிரில்லர் எடுக்கும் ஆளை முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று வருடத்தில் வந்த ஒரே கோளாறும் எர்த்தில்தான். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும், வால்யூம் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயரில் கோளாறைக் காட்டும் புரொடெக்ட் லைட் எரிந்து சத்தம் நின்றது. லக்குக்கு அடியில் துரு. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசியதும் சரியாகிவிட்டது. இப்போது மழை முடிந்ததும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுவேன்.

பவர் ஒயரை இடப்பக்கமும் பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. ஒயரை வலப்பக்கமும் கொண்டுபோனதால், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது வரும் அந்த 'ஊய்ங்' இல்லை.

ஊஃபரில் 4 ஓம் காயில் இரண்டு. பேரலலாகச் சேர்த்தால் 2 ஓம், ஆம்ப்ளிஃபயர் தாங்கும். இதே மாதிரி இன்னொரு ஊஃபரையும் பேரலலில் சேர்க்கலாமா என்று நண்பன் கேட்டான். சேர்த்தால் 1 ஓம் ஆகிவிடும், 2 ஓம் வரைக்குமான ஆம்ப்ளிஃபயர் கொதித்துப் போகும். அடுத்து, ஆம்ப்ளிஃபயரில் உள்ள கெயின் திருகி. அது வால்யூம் அல்ல, வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தி வைக்க. ஊஃபர் 400 வாட்ஸ் தாங்கும் என்பதால், 400-ஐ 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 28 வோல்ட். ஊஃபரைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டரில் ஏ.சி. 28 வரும் இடத்தில் கெயினை நிறுத்தினேன். அதன்பிறகு தொடவில்லை. லோபாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழுள்ள பேஸ்தான் ஊஃபருக்குப் போகும்.

இரவில் பேஸுக்கு ஹெட்லைட் லேசாகத் துடிக்கிறது. கெப்பாசிட்டர் போடச் சொன்னார்கள். அதற்குப் பதில் பேட்டரி எர்த் ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் தடிமனாக மாற்றினேன், பெரும்பாலும் குறைந்துவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் பாட்டுக் கேட்பதும் இல்லை, சின்ன பேட்டரி தாங்காது.

தீராத குறை, டிக்கிக் கதவின் நம்பர் பிளேட் கடகடப்பு. ஃபோம் டேப் ஒட்டினால் நிற்கிறது, வெயிலில் பசை விட்டதும் மறுபடி ஆரம்பிக்கிறது. வேறு நல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.