ஹாலோகிராம் எடுக்க எந்த மேட்சிங் திரவம்? நான் பாரஃபினில் வந்து நின்ற கதை

ஃபிலிமில் ஹாலோகிராம் (லேசர் ஒளியில் பதியும் முப்பரிமாணப் படம்) எடுக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி வந்தே தீரும்: ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், பிரதிபலிப்பைக் குறைக்கும் மேட்சிங் திரவமாக எதை விடுவது? சில ஆண்டுகளாகப் பல திரவங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, இப்போது லைட் லிக்விட் பாரஃபினோடு நின்றுவிட்டேன். என்னுடைய அமைப்பு எளிமையானதுதான்: 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், டிரைஅசிடேட் அடித்தளம் கொண்ட ஸ்லாவிச் பி.எஃப்.ஜி-01 ஃபிலிம், டெனிசியூக் முறையில் (ஒரே கதிர் ஃபிலிமைக் கடந்து, பொருளில் பட்டுத் திரும்பிப் பதியும் முறை) பிரதிபலிப்பு ஹாலோகிராம்.

கண்ணாடித் தகட்டில் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஃபிலிம் தானாக விறைத்து நிற்காது, கண்ணாடியோடு ஒட்டித்தான் ஆகவேண்டும். வெறுமனே அழுத்தினால் இடையில் காற்று சிக்கி, நியூட்டன் வளையங்கள் (அந்த இடைவெளியின் பிரதிபலிப்புகள் குறுக்கிட்டு வரும் வளைய வரிகள்) அப்படியே படத்தில் பதிந்துவிடும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 1.52, ஃபிலிமுடையது 1.48 என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தக் காற்று இடைவெளியில் பிரதிபலிப்பு இடத்துக்கு இடம் 0 முதல் ஏறக்குறைய 15 சதவீதம் வரை ஏறி இறங்கும். தண்ணீர் (1.33) விட்டாலே உச்சம் 1.4 சதவீதமாகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (1.377) என்றால் சுமார் 0.7. மண்ணெண்ணெய் (1.44) 0.2க்கும் கீழே. லிக்விட் பாரஃபின் (1.47) வெறும் 0.04.

என் முடிவுக்கு அடிப்படையே இந்தக் கணக்குதான். எண்களின் வித்தியாசம் பாதியானால் பிரதிபலிப்பு கால்வாசியாகும். அதனால் 1.44க்கு மேல் போன பிறகு கிடைக்கும் முன்னேற்றத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாலும் பார்க்க முடியாது. (விளக்கெண்ணெயின் எண் 1.478, ஃபிலிமுக்கு மிகச் சரியான பொருத்தம்! ஆனால் அந்தப் பிசுக்கை யார் கழுவுவது?) மூன்றாம் தசமம் வரை அளந்து விற்கும் ஆய்வகத் திரவங்களுக்குப் பணம் கொடுப்பது இந்த வேலைக்கு வீண் செலவு என்பேன். அறை வெப்பநிலை பத்து டிகிரி மாறினால் எண்ணெயின் எண் 0.004 அளவுக்கு நகர்ந்துவிடும். அந்த நகர்வாலும் படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

அப்படியென்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? திரவம் எவ்வளவு சீக்கிரம் அசைவற்று நிற்கிறது, பிறகு எப்படிக் கழன்றுபோகிறது, இவ்வளவுதான். பிரதிபலிப்பு ஹாலோகிராமில் பதியும் வரிகளுக்கு இடையே 0.2 மைக்ரான்தான் இருக்கும். ஒளி விழும் நேரத்தில் ஃபிலிம் அதில் ஒரு சிறு பங்கு நகர்ந்தாலும் படம் மங்கும் அல்லது இருண்டுபோகும். ஃபிலிமுக்கு அடியில் திரவம் இன்னும் பரவிக்கொண்டிருந்தால் மேசையை எவ்வளவு கனமாகக் கட்டியும் பயனில்லை.

சைலினை (1.497) நெடுநாள் வைத்திருந்தேன். படங்கள் அருமையாக வந்தன. நீர் மாதிரி மெலிதானது, நொடியில் பரவும், துடைக்காமலே ஆவியாகிப் போகும். குறையும் அந்த ஆவியாவதில்தான் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் ஓரங்கள் காய்ந்து, காற்று உள்ளே நுழையத் தொடங்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை மூச்சு. காற்றசைவு கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி உட்காரும் தொழில் இது. அந்த அறையில் சைலின் ஆவியோடு இருந்தால் தலைவலி நிச்சயம், தீப்பிடிக்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். கருப்பு அக்ரிலிக் தகட்டைப் பின்னால் வைப்பவர்கள் சைலினைத் தொடவே வேண்டாம், அது அக்ரிலிக்கை அரித்துவிடும்.

தண்ணீரை ஜெலட்டின் உறிஞ்சி உப்பும். உப்பிக்கொண்டே இருக்கும் எமல்ஷனில் (ஃபிலிமின் மேல் ஒளியைப் பதியும் ஜெலட்டின் பூச்சில்) படம் எடுப்பது பற்றிப் பேசவே வேண்டாம். கிளிசரினின் (1.473) எண் நல்ல எண், தண்ணீரிலேயே கழுவிவிடலாம். ஆனால் பாகுத்தன்மை மிக அதிகம், அது அசைவற்று நிற்பதற்குள் பொறுமை போய்விடும். ரேஷன் மண்ணெண்ணெய் நீலச் சாயம் போட்டது. மெல்லிய படலத்தில் அது சிவப்பு லேசரை அவ்வளவாகத் தின்னாது, ஆனால் கறையும் நாற்றமும் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, பாரஃபினுக்கு வருவோம். மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பாட்டில் பெரும்பாலும் கனமான வகை. ரசாயனக் கடையில் லைட் வகை என்று கேட்டு வாங்குங்கள். நறுமணம் சேர்த்ததைத் தவிர்த்துவிடலாம். கண்ணாடியின் நடுவில் சில துளிகள் விட்டு, ஃபிலிமின் அடித்தளப் பக்கத்தை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகப் படியவிட்டு, ரப்பர் உருளையால் நடுவிலிருந்து வெளியே தள்ளுகிறேன். எமல்ஷன் பக்கம் எண்ணெய் படவே கூடாது. பட்ட இடத்தில் டெவலப்பர் இறங்காது, திட்டுத்திட்டாக வரும். படலம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது. அப்புறம் அரைமணி நேரம் சும்மா இருக்க வேண்டும். சைலினோடு ஒப்பிட்டால் இது பெரிய தண்டனை, ஒப்புக்கொள்கிறேன். ஒரே மாலையில் நிறையப் படம் எடுப்பவருக்கு இது சரிப்படாது. எனக்கு அவசரமில்லை.

ஒளி காட்டியபின், பச்சைப் பாதுகாப்பு விளக்கில், பெட்ரோலியம் ஈதர் நனைத்த பஞ்சால் அடித்தளப் பக்கத்தை மட்டும் துடைக்கிறேன். அப்போது மின்விசிறியைத் தாராளமாக ஓட்டலாம், வேலை முடிந்துவிட்டதே. இந்தத் துடைப்பைச் சோம்பலில் விட்டால் டெவலப்பர் தட்டில் எண்ணெய்ப் படலம் மிதக்கும், அடுத்த ஃபிலிமும் கெடும்.

எந்தத் திரவத்தாலும் தீராத ஒன்றும் உண்டு. பாலியெஸ்டர் அடித்தளம் கொண்ட ஃபிலிமில் வரும் பட்டைகளுக்கு அந்த பிளாஸ்டிக்கின் இரட்டை ஒளிவிலகல் (ஒளியின் அதிர்வுத் திசைக்கேற்ப எண் மாறுவது) காரணமாக இருக்கலாம். அதற்கு எண்ணெயை மாற்றிப் பயனில்லை, ஃபிலிமைத்தான் மாற்ற வேண்டும். கண்ணாடியின் முன்பக்கம் காற்றைத் தொடும் இடத்தில் வரும் பிரதிபலிப்புக்கும் திரவம் தேவையில்லை. லேசரின் முனைவாக்கத்தை (ஒளி அதிரும் திசையை) சரியாகத் திருப்பி, கதிரை சுமார் 56 டிகிரியில் விழவிட்டால் அது ஏறக்குறைய மறைந்துவிடும்.