கால் முறிந்த ஏழு மாதமும் செவலையும்: எது உழைத்தது, எது உடைந்தது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மழை விட்ட பிறகும் கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்படியில் பாசி போகவில்லை. டிசம்பர் இரண்டாவது வாரம், ஈரத்துணி வாளியோடு இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, அறுவை செய்து பிளேட் வைத்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது, அப்புறம் வாக்கர், அப்புறம் கைத்தடி என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் நானும் அம்மாவும் செவலையும்தான். செவலைக்கு மூன்று வயது, நாட்டு நாய், பதினெட்டு கிலோ. குட்டியாகத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் படகு நிழலில் கிடந்ததைத் தூக்கி வந்தேன். அதிலிருந்து தினமும் விடியற்காலை அதே மணலில் ஒரு மணி நேரம் ஓடியே பழகியவள். அந்த ஓட்டம் ஒரே நாளில் நின்றது. நான் வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே ஒரு தலையணை, ஒரு திரைச்சீலை, அம்மாவின் செருப்பு எல்லாம் போயின. நான்காம் நாள் கட்டிலில் பாய்ந்து கட்டுப்போட்ட காலின் மேலேயே விழுந்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவளும் பயந்துபோய் மூலையில் ஒடுங்கிவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஓடவேண்டிய உடம்பைக் கட்டிப்போட்டால் அது வேறு என்ன செய்யும்?

அன்றிலிருந்து ஜூலை வரை வாங்கியது, செய்தது, தூக்கிப்போட்டது எல்லாவற்றையும் எழுதுகிறேன். படுக்கையில் இருந்தபடி நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யாருக்காவது உதவும்.

முதலில் மாற்றியது சாப்பாட்டுத் தட்டை. தட்டில் வைத்தால் செவலை அரை நிமிடத்தில் காலி செய்வாள். அதே உணவை அவளே மூக்கால் தேடி எடுக்கும்படி வைத்தால் இருபது நிமிடம் ஆகிறது, முடிந்ததும் படுத்துத் தூங்குகிறாள். மனிதருக்கு வாசனை அறியும் செல்கள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல் என்பார்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் அவள் எப்படிக் களைக்கிறாள் என்று கண்ணால் பார்த்தபோதுதான் எனக்கு அது முழுசாகப் புரிந்தது.

அதற்கு முதலில் வாங்கியது ஸ்நஃபிள் மேட். துணிக் கீற்றுகள் புல் மாதிரி அடர்ந்திருக்கும், நடுநடுவே உலர் உணவைத் தூவி மறைக்கவேண்டும். ஆன்லைனில் வந்தது பார்க்க அழகு. மூன்றாம் வாரம் கீற்றுகள் தையலோடு பிடுங்கி வந்தன. ஒருநாள் அவள் மலத்தில் பச்சைத் துணித் துண்டைப் பார்த்த அம்மா அதை அப்படியே குப்பையில் போட்டுவிட்டார். துணி குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை வரை போகும், அதனால் அம்மா செய்ததுதான் சரி.

அப்புறம் அம்மாவே ஒன்று செய்தார். மஞ்சக்குப்பம் கடையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ரப்பர் கால்மிதி ஒன்று, எங்கள் பழைய பருத்திப் புடவை இரண்டு. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் கீற்றாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் பக்கத்துப் பக்கத்து ஓட்டையில் நுழைத்து இரட்டை முடிச்சு. மூன்று சாயங்காலம் ஆனது. அன்றிலிருந்து இதைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன். காலையில் கட்டிலோரம் விரித்ததும் செவலை முன்னங்கால் இரண்டையும் ஓரத்தில் வைத்து நங்கூரம் போட்டமாதிரி நின்றுகொள்வாள். மூக்கைத் துணிக்குள் விட்டு உஸ் உஸ்ஸென்று குட்டிக் குட்டியாக இழுப்பாள், நடுவில் ஒருதரம் பலமாகத் தும்முவாள், திரும்ப முதல் வரிசையிலிருந்து ஆரம்பிப்பாள். காது இரண்டும் முன்னால் சாய்ந்திருக்கும். கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். கடற்கரையில் ஓடும்போது அவள் முகத்தில் இருந்த அதே தீவிரத்தை ஒரு கால்மிதியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதில் ஒரே தொல்லை எறும்பு. நம் ஊர் வெக்கையில் சாயங்காலம் எடுத்து வைக்க மறந்தால் காலையில் கறுத்துக் கிடக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைத்து வெயிலில் காயவைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை வாடை வந்துவிடும்.

அடுத்தது காங் என்ற, உள்ளே உணவு அடைக்கக் குழி இருக்கும் ரப்பர் பொம்மை. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்ஹாம் என்பவர் 1970-களில், தன் நாய் பழைய வோக்ஸ்வாகன் வேனின் ரப்பர் பாகம் ஒன்றை விடாமல் கடிப்பதைப் பார்த்து உருவாக்கியது. விலை ஆயிரத்தைத் தாண்டியது, வாங்கும்போது மனசு உறுத்தியது. இத்தனை மாதமாகியும் ஒரு கீறல்தான் விழுந்திருக்கிறது. வெறும் தயிரும் சோறும் அடைத்துக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாள். உப்பு போடாமல் வேகவைத்த கோழியும் சோறும் மசித்து அடைத்து, இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரத்துக்கு மேல் போகும். எனக்கு பிசியோதெரபி செய்ய ஆள் வரும் நேரத்துக்கு இதுதான் கைகொடுத்தது. கழுவ பால்புட்டி பிரஷ் வேண்டும். உள்ளே தயிர் தங்கினால் மறுநாள் புளித்த வாடை தாங்காது.

உணவைத் தடவி நக்கக் கொடுக்கும் லிக் மேட் தனியாக வாங்கவில்லை. அடியில் ஓட்டையில்லாத பழைய இட்லித் தட்டு ஒன்று பரணில் கிடந்தது. குழிக்குழியாகத் தயிரும் வேகவைத்த பரங்கியும் தடவிக் கொடுத்தோம். தரையில் வழுக்கிக்கொண்டு போகும், கீழே ஈரத்துணி விரித்தால் நிற்கும். இதை மட்டும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்த உலோகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

உருட்டினால் உணவு உதிரும் பிளாஸ்டிக் பந்தும் ஒன்று வாங்கினேன். பணம் வீண். டைல்ஸ் தரையில் கடகடவென்ற சத்தம், ஐந்தாவது நிமிடம் பீரோவுக்கு அடியில் போய்விடும். அவள் அதன் முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் குரைப்பாள், என்னால் குனிய முடியாது. இரண்டாம் மாதம் விரிசலும் விட்டது. கால் ஊன்ற முடியாதவர் வீட்டில் உருளுகிற எதுவும் வேண்டாம்.

ஜனவரி கடைசியில் நாற்காலியில் உட்கார ஆரம்பித்ததும் பின்கட்டில் மூங்கில் கழி விளையாட்டு. ஐந்தடிக் கழி, நுனியில் கயிறு, கயிற்று நுனியில் கந்தல் துண்டு. நான் உட்கார்ந்தபடி தரையோடு தரையாகச் சுழற்றினால் அவள் வட்டமாகத் துரத்துவாள். ஐந்து நிமிடம் போதும், மூச்சு இரைக்க நிற்பாள். மண்தரையில் மட்டும் செய்தேன். துண்டை உயரத் தூக்கிக் குதிக்கவிட்டால் அவள் மூட்டுக்கு ஆபத்து. வெயில் ஏறிய பிறகும் வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது காசே செலவில்லாத "தேடு". முதுநகரிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டில் இரண்டை ஒரு சிறு துணியில் இறுக்கி முடிந்தோம். அம்மா அதை அரிசி டிரம்முக்குப் பின்னால், மிதியடிக்குள், துவைத்த துணிக் கூடைக்கு அடியில் என்று ஒளித்துவைப்பார். நான் கட்டிலிலிருந்து "தேடு" என்பேன். கண்டுபிடித்ததும் முடிச்சை வாங்கிக்கொண்டு ஒரு துண்டு கோழி. கருவாட்டில் உப்பு அதிகம், அதைத் தின்னக் கொடுக்கவில்லை, வாசனைக்கு மட்டும்தான். முதல் நாள் திறந்த இடத்தில் வைத்தே பத்து நிமிடம் தடுமாறினாள். மார்ச்சில் மூன்று அறை தாண்டி, மூடிய அலமாரி முன்னால் போய் உட்கார்ந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, இவளுக்கு இவ்ளோ தெரியுமா?" என்றார் அம்மா. மூன்று வருடம் ஓடவிட்டே வளர்த்ததில் நானும் அதைக் கவனிக்கவில்லை.

நான் செய்த இரண்டு தவறு. ஆரம்பத்தில் அவள் முனகும்போதெல்லாம் ஏதாவது கொடுத்தேன். பத்து நாளில் முனகலே வேலையாகிவிட்டது. காலை ஏழு, பதினொன்று, மாலை ஐந்து என்று நேரம் வைத்த பிறகுதான் நடுவில் சாக்கில் படுத்துத் தூங்கினாள். இரண்டாவது, விளையாட்டில் போகும் உணவைச் சாப்பாட்டில் கழிக்கவில்லை. பிப்ரவரியில் ஒன்றரை கிலோ ஏறியிருந்தாள், கால்நடை மருத்துவர் கண்டித்தார். பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடமும் சொல்லிவைக்கவேண்டும்: திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் எதுவும் நாய்க்கு ஆகாது. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சைலிட்டால் சேர்க்காததா என்று பாருங்கள், அது நாய்க்கு விஷம்.

வாக்கர் பற்றியும் ஒன்று. அதன் சத்தத்துக்கே முதலில் குரைத்தாள். ஒருநாள் வாக்கரின் கால் நுனியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைக் கழற்றிக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கவனிக்காமல் ஊன்றியிருந்தால் மறுபடி விழுந்திருப்பேன். அதற்கப்புறம் வாக்கரை அசைக்காமல் நிறுத்தி அதன் பக்கத்தில் உணவு வைத்துப் பழக்கினோம். நான் எழும்போது அவள் சாக்குக்குப் போய்ப் படுக்கவேண்டும் என்பதையும் கற்றுக்கொடுத்தோம். இந்த ஒன்றைக் கட்டுப் பிரிக்கும் முன்பே சொல்லிக்கொடுங்கள்.

இத்தனை இருந்தும் நடைக்கு ஈடாக எதுவும் இல்லை. எதிர்வீட்டுக் கல்லூரித் தம்பி தினமும் காலையில் அரை மணி நேரம் அழைத்துப்போனான். இழுத்துக்கொண்டு ஓடாதே, அவள் மோந்து பார்க்கிற இடத்தில் எல்லாம் நின்று கூட்டிப்போ என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "அக்கா, இன்னிக்கு ஒரே வேப்பமரத்துல எட்டு நிமிஷம்" என்று வந்து சொல்வான்.

ஏப்ரல் கடைசியில் கைத்தடியை விட்டேன். ஜூன் முதல் வாரம் சில்வர் பீச்சுக்கு நானே கூட்டிப்போனேன், மணலில் இறங்காமல் சாலையோரமாக. இப்போது ஓட்டம் வாரத்தில் இரண்டு நாள், அந்தத் தம்பியோடு. மற்ற நாளில் "தேடு"தான். கால்மிதியில் இரண்டு வரிசைத் துணி நைந்துவிட்டது. அம்மா இன்னொரு பழைய புடவை எடுத்து வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டவேண்டும்.