வெறும் கோடா, வெற்று வைரமா, கறுப்பு வைரமா?

மென்பொருளில் உள்ள கிளாஸ்களை, அதாவது பொருள் வகைகளை, பெட்டிகளாகக் காட்டும் படம்தான் கிளாஸ் டயக்ராம். அதில் பெட்டிகளைச் சீக்கிரம் வரைந்துவிடலாம். கை தயங்குவது அவற்றை இணைக்கும் கோட்டில்தான். இத்தகைய படங்களுக்கான பொதுக் குறிமொழியான யுஎம்எல்லில் அந்த இடத்துக்கு மூன்று குறிகள் போட்டியிடுகின்றன: அசோசியேஷனுக்கு (பொதுவான தொடர்பு) வெறும் கோடு, அக்ரிகேஷனுக்கு (முழுப்பொருளும் உறுப்பும் தளர்வாகச் சேர்ந்திருப்பது) நிரப்பாத வைரம், காம்போசிஷனுக்கு (உறுப்பு முழுப்பொருளுக்கே சொந்தம்) நிரப்பிய கறுப்பு வைரம். வைரம் எப்போதும் உறுப்பின் பக்கம் வராது, முழுப்பொருளின் பக்கம்தான் வரும்.

என் ஓட்டு கறுப்பு வைரத்துக்கு. அதற்கு உறுதியான பொருள் இருக்கிறது. ஒரு பில்லையும் அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதும் வரிகளையும் (டாக்ஸ் அல்ல, லைன்) பாருங்கள். ஒரு வரி ஒரே சமயத்தில் ஒரு பில்லில்தான் இருக்க முடியும். பில்லை அழித்தால் அதில் மிச்சமிருக்கும் வரிகளும் போய்விடும். (அழிப்பதற்கு முன்பே ஒரு வரியைக் கழற்றி எடுத்துவிட்டால் அது தப்பிக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) டேட்டாபேஸ் எழுதுபவர் இந்தக் குறியைப் பார்த்ததும் ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ (முதன்மைப் பதிவை அழித்தால் அதைச் சார்ந்தவையும் அழியும் விதி) வேண்டும் என்று புரிந்துகொள்வார். சி பிளஸ் பிளஸ் எழுதுபவர், ஒரு பொருளுக்கு ஒரே சொந்தக்காரர் என்று காட்டும் யுனீக் பாயின்ட்டரை நினைப்பார். ஜாவாவிலோ மூன்று உறவுகளுமே கிளாஸுக்குள் இருக்கும் வெறும் ஃபீல்டாகத்தான் (மாறியாக) தெரியும். அதனால் யார் யாருக்குச் சொந்தம் என்பதைப் படத்திலாவது சொல்லியாக வேண்டும்.

வெற்று வைரத்திடம் இந்த உறுதி கிடையாது. அணி கலைந்தாலும் வீரர் இருப்பார். ஒருவரே இரண்டு அணிகளில் ஆடலாம். சரி, இதை வெறும் கோடு சொல்லாதா? அணியின் பக்கம் 0..* (எத்தனை அணியும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்), வீரரின் பக்கம் 11..* (குறைந்தது பதினொருவர்) என்று எண்ணிக்கையை எழுதினால் போதும். 2015-இல் வந்த யுஎம்எல் 2.5 கூட, இந்த வைரத்தின் துல்லியமான பொருள் துறைக்குத் துறை, வரைபவருக்கு வரைபவர் மாறும் என்றே சொல்கிறது. வைரத்தை நிரப்புவதா வேண்டாமா என்று ரிவ்யூவில் வாதம் நீள்வதைப் பார்த்திருக்கிறேன். அதே படத்தில் ஒரு முனையிலும் எண்ணிக்கை இருக்காது! வீரரே இல்லாத அணி இருக்கலாமா என்பதுதான் புரோகிராம் எழுதுபவருக்குத் தெரிய வேண்டியது.

இன்ஹெரிட்டன்ஸின் (ஒரு கிளாஸ் இன்னொரு கிளாஸின் ஒரு வகையாக இருப்பது) வெற்று முக்கோணம் இந்தப் போட்டியில் சேராது. அதன் முனை தாய் கிளாஸைப் பார்க்கட்டும், அவ்வளவுதான்.

நான் வரையும்போது முதலில் வெறும் கோடும் எண்ணிக்கையும் போடுவேன். அப்புறம், இதை அழித்தால் அதுவும் போக வேண்டுமா என்று அந்தத் துறை தெரிந்தவரிடம் கேட்பேன். ஆம் என்றால் மட்டும் முனையில் கறுப்பு வைரம் ஏறும்.