புரட்டாசி வெயிலில் ஐபோன் 17-உம் கேலக்ஸி எஸ்25-உம்

ஐபோன் 17 கைக்கு வந்து சில நாட்கள் ஆகின்றன. சாம்சங் கேலக்ஸி எஸ்25-உம் கடைசிவரை போட்டியில் இருந்தது. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே வேலைக்கு வைத்துப் பார்த்த பிறகுதான் எடுத்தேன். என் முடிவைத் தீர்மானித்தது வெயில். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

நான் கட்டட வேலை பார்க்கிறவன். சென்னையில் மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் சைட். பாதி நாள் கூரையில்லாத தளத்தில்தான் கழியும். டிராயிங்கைப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டு வைத்திருப்போம், ஆனால் மேலே அடிக்கிற காற்றில் அதை விரித்துப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். கன்சல்டன்ட் அனுப்புகிற திருத்தமும் வாட்ஸப்பில்தான் வருகிறது. ஆக, தளத்தில் டிராயிங் பார்ப்பது பெரும்பாலும் போனில்தான். என் மச்சான் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்பவர், கோடையிலேயே எஸ்25 வாங்கிவிட்டார். “வாங்குறதுக்கு முன்னாடி இதையும் கொஞ்சம் வச்சுப் பாருங்க மாப்ள” என்று கொடுத்தார். அப்புறம் ஐபோன் வந்ததும் மறுபடி மாற்றிக்கொண்டு பார்த்தோம்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 2025 ஜனவரியில் எஸ்25 வந்தபோது 256 ஜிபி மாடல் 80,999 ரூபாய். அதே வருடம் செப்டம்பரில் ஐபோன் 17 வந்தபோது அதே 256 ஜிபிக்கு 82,900 ரூபாய். எஸ்25 பழசாகிவிட்டதால் விழாக்காலத் தள்ளுபடியில் நன்றாகவே இறங்கியிருந்தது. சர்ஜர் இரண்டு பெட்டியிலும் கிடையாது. வேகத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நான் கொடுக்கிற எந்த வேலைக்கும் இரண்டும் திணறவில்லை. சாதாரண ஐபோனுக்கு 2025-இல் இந்த 17-இல்தான் முதல்முறையாக 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 120 முறை வரை படத்தைப் புதுப்பிக்கும் திரை வந்தது. 60 ஹெர்ட்ஸோடு நின்றுபோன ஐபோன் 16 ஆக இருந்திருந்தால் நான் யோசித்துக்கூட இருக்க மாட்டேன்.

சரி, வெயிலுக்கு வருவோம். கடைக்குள் ஏசியில் நின்று பார்த்தால் இரண்டு திரையும் ஒன்றேதான், எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அந்தக் காய்ச்சலில் போய் நின்றால்தான் வித்தியாசம் தெரிகிறது.

சிலாபுக்குக் கம்பி கட்டி முடிந்து, மறுநாள் கான்கிரீட் போட வேண்டிய நேரம். உச்சி வெயில். கம்பி கட்டுகிற மேஸ்திரி படிக்கட்டை ஒட்டிய பீமைக் காட்டி, “சார், இதுல ரிங்கு எட்டா பத்தா? எவ்வளவு கேப்பு?” என்று கேட்டார். பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையக் கம்பி எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி. ஒரே டிராயிங்கை இரண்டு போனிலும் திறந்தேன். வெள்ளைப் பின்னணியில் இருக்கும் பிடிஎஃப் இரண்டிலும் படிக்க முடிந்தது. கணினியில் வரைந்த மூல டிராயிங்கான கேட் (CAD) ஃபைலைத் திறந்தபோதுதான் கதை மாறியது. கறுப்புப் பின்னணியில் மெல்லிசாக மஞ்சள், பச்சைக் கோடுகள். எஸ்25-இல் என் ஹெல்மெட்டும், தலைக்கு மேலே இருந்த மேகமும் திரையில் தெளிவாக விழுந்தன. அதற்கு அடியில் எங்கோ அந்த எட்டு. போனைச் சாய்த்து, இன்னொரு கையால் நிழல் கட்டித்தான் பிடிக்க முடிந்தது. ஐபோனிலும் பிம்பம் விழுகிறது, ஆனால் மங்கலாக ஒதுங்கி நிற்கிறது, கோடு முன்னால் வருகிறது. ‘8 மிமீ, 100 இடைவெளி’ என்று நின்ற நிலையிலேயே படித்துச் சொன்னேன். எட்டைப் பத்தாகப் படித்தால் கம்பிக் காசுதான் கூடும். நூறை நூற்றைம்பதாகப் படித்துவிட்டால், கான்கிரீட் போட்ட பிறகு அதைத் திருத்த வழியே கிடையாது.

விளம்பரங்களில் இதற்கு ‘நிட்ஸ்’ கணக்குச் சொல்வார்கள், திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு அது. எஸ்25 திரை உச்சமாக 2600 நிட்ஸ், ஐபோன் 17 வெளிச்சத்தில் 3000 நிட்ஸ். இந்த எண்களின் வித்தியாசத்தைக் கண்ணால் பெரிதாக உணர முடியவில்லை. மேலும் அந்த உச்சம் ஆட்டோ பிரைட்னஸ் ஆனில் இருந்தால்தான் கிடைக்கும். அதை ஆஃப் செய்துவிட்டு ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளிவிட்டு ‘திரை மங்கல்’ என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். இரண்டு போனிலுமே அதை ஆனில் வைக்க வேண்டும்.

உண்மையான வித்தியாசம் கண்ணாடியின் மேல்பூச்சில் இருக்கிறது. வெயிலில் திரை தெரியாமல் போவதற்கு, உள்ளிருந்து வருகிற வெளிச்சம் குறைவாக இருப்பது மட்டும் காரணம் இல்லை. மேலே விழுந்து திரும்புகிற வெளிச்சம் அதைவிடத் தூக்கலாக இருப்பதும்தான். கறுப்பான பகுதியில் திரை தன் பங்குக்கு வெளிச்சமே தருவதில்லை, அங்கே கண்ணுக்கு வருவது முழுக்கப் பிரதிபலிப்பு. ஐபோன் 17-இல் செராமிக் ஷீல்டு 2 என்கிற கண்ணாடியோடு பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் சேர்ந்து வருகிறது. சாம்சங்கிடம் இந்த வித்தை இல்லாமல் இல்லை. 2024-இல் எஸ்24 அல்ட்ராவிலேயே கொண்டுவந்துவிட்டார்கள், எஸ்25 அல்ட்ராவிலும் இருக்கிறது. ஆனால் அல்ட்ரா அறிமுக விலையே 1,29,999 ரூபாய். சாதாரண எஸ்25-க்குக் கொடுத்தது கொரில்லா கிளாஸ் விக்டஸ் 2. உறுதியான கண்ணாடிதான், பிரதிபலிப்பு விஷயத்தில் மட்டும் பழைய ஆள்.

சென்னைக்காரர்கள் இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இரண்டு கம்பெனியுமே 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில்தான் போனைப் பயன்படுத்தச் சொல்கின்றன. சித்திரை, வைகாசியில் நமக்கு நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் செய்வது திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதுதான். தளத்தைச் சுற்றிவந்து தொடர்ந்து வீடியோ எடுத்தபோது இரண்டுமே மங்கின. உண்மையைச் சொன்னால் ஐபோன்தான் சற்று முன்னாலேயே மங்கியது. எஸ்25-க்குள் சூட்டைப் பரப்பிவிட வேப்பர் சேம்பர் என்கிற மெல்லிய உலோக அறை இருக்கிறது, ஐபோனில் அது 17 புரோவுக்கு மட்டும்தான். அப்படியும் நான் ஐபோன் பக்கம் நிற்பதற்குக் காரணம், சூட்டில் நிட்ஸ் இறங்கிவிடும், பூச்சு இறங்காது. மங்கிய பிறகும் ஐபோனில் கோடு தெரிந்தது. எஸ்25 மங்கியபோது நிழலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஆனால் இது புரட்டாசி. கத்திரியில் இந்தப் போன் எப்படி நடந்துகொள்ளும் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன்.

இந்த லாபத்தை ஒரே நிமிடத்தில் தொலைக்கவும் வழி இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தி.நகரிலோ புதுப் போனோடு கடைக்குள் நுழைந்தால், கேட்பதற்கு முன்பே டெம்பர் கிளாஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். சாதாரண டெம்பரை ஒட்டினால் வெயில் அதன் மேல்தான் முதலில் படும், அதுவே பிரதிபலிக்கும். அடியில் இருக்கிற பூச்சு இருந்தும் இல்லாததுதான். கடையில் சோதனைக்காக ஒன்றை மேலே வைத்து வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ஐபோனும் எஸ்25 மாதிரியே முகம் காட்டியது. ஒட்டாமலே திரும்பிவிட்டேன். பிரதிபலிப்பு குறைக்கிற வகை டெம்பரும் விற்கிறார்கள். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள், வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

டெம்பர் இல்லாமல் சைட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பது நியாயமான கேள்வி. எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்து வருகிற மணல். அதிலிருக்கும் குவார்ட்ஸ், கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் 7. எந்தப் போன் கண்ணாடியும் அதனிடம் கீறல் வாங்கத்தான் செய்யும். முன்பைவிட மூன்று மடங்கு கீறல் தாங்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. என் திரையில் இதுவரை கோடு விழவில்லை, ஆனால் சில நாட்களை வைத்துச் சான்றிதழ் கொடுக்க முடியாது. சட்டைப் பையில் போனைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை. தூசு விழுந்தால் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதிவிடுகிறேன். தேய்க்கும்போதுதான் மணல் கீறும்.

கேமராவில் ஆளுக்கொரு பக்கம். சிமெண்ட் பூச்சில் விழுகிற மயிரிழை விரிசலைப் பக்கத்தில் போய் எடுக்க ஐபோனின் 48 மெகாபிக்சல் அல்ட்ரா வைடு மேக்ரோவாக வேலை செய்கிறது. எஸ்25-இல் அவ்வளவு அருகில் போக முடியவில்லை. தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்க வேண்டுமானால் எஸ்25-இல் தனியாக 3 மடங்கு ஜூம் லென்ஸ் இருக்கிறது. சாரத்தில் ஏறாமலே தூண் உச்சியில் கம்பி எத்தனை வெளியே நிற்கிறது என்று எண்ணிவிடலாம். ஐபோனில் ஜூமுக்குத் தனி லென்ஸ் கிடையாது.

எஸ்25 ஜெயிக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. 162 கிராம்தான், ஐபோன் 177. நாள் முழுக்கச் சட்டைப் பையில் இருக்கிற பொருளுக்கு அந்த 15 கிராம் தெரியத்தான் செய்கிறது. இரண்டு சிம் அட்டையும் அதில் நேராகப் போகும். ஐபோனில் ஒன்று அட்டை, இன்னொன்றை அட்டையில்லாத இ-சிம்மாக மாற்றியாக வேண்டும். எஸ்25-இன் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கூகுளின் ஏஐ உதவியாளரான ஜெமினி வந்துவிடுகிறது, தமிழிலேயே பேசிக் கணக்குக் கேட்கலாம். ஐபோனில் அதற்கு ஆப்பைத் திறக்க வேண்டும். ஏழு வருடம் அப்டேட் தருகிறோம் என்று சாம்சங் எழுத்தில் சொல்லியிருக்கிறது. ஆப்பிள் அப்படி எண் சொல்லி விற்பதில்லை, ஆனால் 2019-இல் வந்த ஐபோன் 11-க்கு 2025-இன் ஐஓஎஸ் 26-உம் வந்திருக்கிறது.

அத்தனை வருடம் வைத்துக்கொள்ள முதலில் பேட்டரி தாங்க வேண்டும். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரிக்கு ஆகாது, இது இரண்டு போனுக்கும் பொது. இரண்டிலும் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. தளத்துக்குப் போகிற நாட்களில் நான் அப்படித்தான் வைக்கிறேன், சாயங்காலம் வரை வருகிறது. காரில் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடுவதை இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

மச்சானுக்கு நான் ஐபோனைச் சிபாரிசு செய்யவில்லை. அவர் வேலை முழுக்கக் கூரைக்கு அடியில். இந்தப் பூச்சினால் அவருக்கு ஒரு லாபமும் கிடையாது, லேசான போனும் ஜூமும்தான் தேவை. தள்ளுபடி விலையில் எஸ்25 கிடைத்தால் அவரைப் போன்றவர்கள் தாராளமாக எடுக்கலாம். வெயிலில் நின்று சின்ன எழுத்துப் படிக்கிறவர்கள், டெலிவரிக்கு மேப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவர்கள் ஐபோனைக் கையில் வாங்கிக் கடை வாசலுக்கு வந்து, கறுப்பான ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். பைக் ஹேண்டிலில் நேரடியாக மாட்டுவதாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். என்ஜின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. அதிர்வைத் தாங்கும் மவுண்ட் இல்லாமல் அந்த வேலைக்கு நான் என் போனைக் கொடுக்க மாட்டேன்.