உப்புக்கறிக்கு எது, தேன்குழலுக்கு எது: செட்டிநாட்டு மேசையில் மூன்று பீர்

மார்கழி பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வீடுகளில் சிங்கப்பூர்க்காரர்களும் அமெரிக்கா போனவர்களும் வந்து இறங்குவார்கள். தை முகூர்த்தம் வரை வீடு நிறைந்திருக்கும். பெட்டியில் சாக்லேட்டோடு இப்போது பீர் பாட்டிலும் வருகிறது. சுங்கத் தீர்வை கட்டாமல் ஒருவர் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம், 355 மி.லி. பாட்டிலாக வாங்கினால் ஐந்து. அந்த ஐந்தும் எதுவாக இருக்கலாம்? கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவைத் தூக்கலாகப் போட்ட அமெரிக்க விண்டர் பிரவுன் ஏலா, பழைய பாணி இங்கிலீஷ் பிரவுன் ஏலா, பக்கத்திலுள்ள இலங்கையின் லயன் ஸ்டவுட்டா? (பிரவுன் ஏல் பழுப்பு நிற பீர், ஸ்டவுட் கறுப்பு நிற பீர்.)

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாப்பாட்டுக்கு இங்கிலீஷ் பிரவுன், நொறுக்குக்கு விண்டர் பிரவுன், இனிப்புக்கு ஸ்டவுட். விண்டர் பிரவுனுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு: பாட்டில் புதுசாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை வாங்கவே வேண்டாம்.

இங்கிலீஷ் பிரவுன் ஏலில் ஆல்கஹால் 4.2 முதல் 5.9 சதவீதம், கசப்பு 20 முதல் 30 ஐ.பி.யூ. இந்த ஐ.பி.யூ. ஏறக்குறைய ஒரு லிட்டர் பீரில் எத்தனை மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்பு இருக்கிறது என்ற கணக்கு. 1927-ல் வந்த நியூகாசில் பிரவுன் ஏல் (4.7 சதவீதம்), யார்க்‌ஷயரின் சாமுவேல் ஸ்மித் நட் பிரவுன் (5 சதவீதம்) இரண்டும் இந்த வகை. ரொட்டியின் கருகாத மேலோடு, வறுத்த முந்திரி, லேசான வெல்லப்பாகு. ஹாப்ஸ் வாசனையைத் தேடினாலும் கிடைக்காது.

அமெரிக்கர்கள் இதே பிரவுன் ஏலை எடுத்து ஹாப்ஸைக் கூட்டினார்கள். 1986-ல் கலிபோர்னியாவில் பீட் ஸ்லோஸ்பெர்க் தொடங்கிய பீட்ஸ் விக்கெட் ஏல் அந்த வகைக்கு வழிகாட்டி. குளிர்கால வெளியீடுகளில் எல்லாமே ஒரு படி மேலே: ஆல்கஹால் 6 முதல் 7 சதவீதம், கசப்பு 40-ஐத் தாண்டும். அமெரிக்க பீர் நிறுவனமான டாக்ஃபிஷ் ஹெட்டின் இந்தியன் பிரவுன் ஏல் (7.2 சதவீதம், 50 ஐ.பி.யூ.) எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நல்ல அளவுகோல். கேஸ்கேட், சென்டெனியல், சினூக் மாதிரி ஹாப்ஸ் போட்டிருந்தால் முதல் மோப்பத்தில் பம்ப்ளிமாஸ் தோல், நார்த்தை இலை, கொஞ்சம் பைன் பிசின். அதற்குக் கீழேதான் கருப்பட்டியும் காபியும்.

லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். நுவரெலியாவில் தொடங்கிய மதுவடிப்பாலையின் சரக்கு, இப்போது பியகமவில் தயாராகிறது. வெப்பநாட்டு ஸ்டவுட் என்று தனி வகையே உண்டு. அதற்கு இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். கருகிய சர்க்கரை, பேரீச்சம்பழம், சாக்லேட், வாயில் நிற்கும் கனம்.

மூன்றுக்கும் இந்த ஊரில் முதல் எதிரி வெப்பம், அடி வாங்குவது விண்டர் பிரவுன்தான். ஹாப்ஸ் வாசனை எளிதில் ஆவியாகிற, எளிதில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடுகிற எண்ணெய்களிலிருந்து வருகிறது. 10 டிகிரி வெப்பம் கூடினால் கெடும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். அமெரிக்காவில் அக்டோபர், நவம்பரில் கடைக்கு வரும் பாட்டில் அங்கே ஃபிரிட்ஜில் இருந்தவரை நன்றாக இருக்கும். காரைக்குடியில் 30 டிகிரி அறையில் ஒரு மாதம் கிடந்தால் போச்சு: பம்ப்ளிமாஸ் வாசனை முதலில் போகும், கசப்பு மட்டும் தனியாக நாக்கில் நிற்கும், பிறகு நனைந்த அட்டைப்பெட்டி நெடி வரும். வாங்கும்போதே லேபிளில் பாட்டிலிட்ட தேதியைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் எடுக்கலாம், நான்கைத் தாண்டினால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். தேதியே போடாத பாட்டிலுக்கும் அதே மரியாதை. ஸ்டவுட்டுக்கு இந்தப் பதற்றம் இல்லை. ஆல்கஹாலும் வறுத்த மால்ட்டும் (முளைகட்டிய பார்லி) அதைத் தாங்கும், ஓராண்டு பழசானாலும் பேரீச்சம்பழச் சுவை கூடுமே தவிர முகம் சுளிக்க வைக்காது.

இங்கிலீஷ் பிரவுனுக்கு வேறொரு ஆபத்து. நியூகாசிலும் சாமுவேல் ஸ்மித்தும் பெரும்பாலும் நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் வருகின்றன. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகும். அழுகிய முட்டைகோஸும் எரிந்த ரப்பரும் சேர்ந்த மாதிரி வீச்சம். நேர் வெயில் என்றால் சில நிமிடங்களே போதும். அழகுக்காக முற்றத்துத் திண்ணையில் பாட்டிலை வரிசையாக வைத்துப் படம் எடுப்பவர்கள் அதை அப்போதே கெடுத்துவிடுகிறார்கள். பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டு இருட்டறை வெளிச்சத்துக்குத் தப்பும், வெப்பத்துக்குத் தப்பாது. செய்தித்தாளில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், நிற்கவைத்த நிலையில் வையுங்கள்.

ஊற்றும் சூடு பற்றி. ஐஸ் போல் குளிரவைத்துக் குடிப்பது இங்கே பழக்கம், கடையில் கிடைக்கும் சாதாரண லாகர் பீருக்கு அது சரி. பிரவுன் ஏல் 4 டிகிரியில் வாயை மூடிக்கொண்டிருக்கும். வாசனை எழாது, கசப்பு மட்டும் முன்னால் நிற்கும். 10 முதல் 13 டிகிரிதான் இலக்கு. மார்கழி இரவிலும் இங்கே 20 டிகிரிக்கு மேலேதான். அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மூடியைத் திறக்காமல் ஒரு கால்மணி நேரம் வைத்தால் போதும். அரைமணி வைத்தால் தாண்டிவிடும்.

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிறமும் நுரையும் தெரியாது. வாய் சற்றுக் குறுகிய கண்ணாடி கிளாஸ், ஆளுக்கு 120 மி.லி. வரை, மேலே மூன்று விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்குத்தான் நுரைக்கு எமன். குழம்புப் பாத்திரம் தேய்த்த அதே நாரில் கிளாஸைத் தேய்த்தால் நுரை ஒரு நிமிடத்தில் செத்துவிடும். சோடா மாவு போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். கிளாஸ் சுத்தமாக இருந்தால் ஒவ்வொரு மிடறுக்கும் நுரை உள்சுவரில் ஒரு வளையமாக ஒட்டி நிற்கும். விண்டர் பிரவுனில் இந்த வளையம் நன்றாகத் தெரியும், ஹாப்ஸ் பொருள்கள் நுரையைப் பிடித்து வைப்பதால். விளக்குக்கு நேராகப் பிடித்தால் அடிப்பக்கம் கருஞ்சிவப்பு. ஸ்டவுட் வெளிச்சத்தையே விடாது.

வரிசை முக்கியம்: இங்கிலீஷ் பிரவுன், பிறகு விண்டர் பிரவுன், கடைசியில் ஸ்டவுட். விண்டர் பிரவுனை முதலில் குடித்தால் அதன் கசப்பு நாக்கை விட்டுப் போகாது, அடுத்து வரும் இங்கிலீஷ் பிரவுன் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கும். நடுவில் ஒரு பிடி பொரி, ஒரு வாய் தண்ணீர். வெற்றிலையும் டிகிரி காபியும் எல்லாம் முடிந்த பிறகு.

இனி சாப்பாடு. உப்புக்கறிக்கு விண்டர் பிரவுன் என்று பல பேர் யோசிப்பார்கள், இரண்டுமே முரட்டுச் சுவை என்பதால். தவறான ஜோடி. வரமிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் நாக்கில் சூட்டை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் தட்டுகின்றன. ஆல்கஹால் அந்த வாயில் திறக்கும் வெப்ப அளவைக் கீழே இறக்குகிறது. அதனால் 7 சதவீத பீர் குடித்த வாயில் அதே கறி இன்னும் எரியும். அதன்மேல் ஹாப்ஸின் கசப்பும் கரியமில வாயுவின் சுருக்கும் சேர்ந்தால், நல்லெண்ணெயில் சுருண்ட சின்ன வெங்காயத்தின் தித்திப்பு, பூண்டு, கறியின் சாறு எதுவும் தெரியாது. எரிச்சலும் கசப்பும் மட்டும் மிச்சம். இங்கே இங்கிலீஷ் பிரவுன் ஜெயிக்கிறது: ஆல்கஹால் குறைவு, மால்ட் தித்திப்பு எரிச்சலைத் தணிக்கும், வறுத்த சுவை சட்டியின் அடியில் பிடித்த கறியோடு ஒத்துப்போகும். மிளகுக் கோழிக்கும் இதுவே. லயன் ஸ்டவுட் தித்திப்பால் முதல் வாய்க்குச் சமாளிக்கும். மூன்றாவது வாயில் 8.8 சதவீதம் தன் வேலையைக் காட்டிவிடும்.

விண்டர் பிரவுனின் இடம் சாப்பாட்டுக்கு முந்தைய மாலை நேரம். தேன்குழல், சீப்புச் சீடை, காரமில்லாத வெள்ளைப் பணியாரம். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் வாயில் படிந்ததை ஹாப்ஸ் துடைத்துவிடும், அடுத்த சீடைக்கு நாக்கு தயார். சீடையின் தேங்காய் வாசனைக்கும் பீரின் நார்த்தை வாசனைக்கும் நல்ல பொருத்தம். பணியாரத்துக்கு மிளகாய்த் துவையலை மட்டும் தள்ளி வையுங்கள், தேங்காய்ச் சட்னி போதும். மார்கழியில் கவிச்சி சேர்க்காத வீடுகளுக்கும் இந்தச் சேர்க்கை தோதுப்படும்.

இனிப்பில் ஸ்டவுட்டுக்குப் போட்டியே இல்லை. தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் போட்ட கவுனி அரிசியோடு கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள், அரிசியின் மெல்லும் பதத்துக்குப் பீரின் கனமும், சர்க்கரைக்கு எதிராக வறுத்த கசப்பும் நிற்கும். கந்தரப்பத்துக்கும் பொருந்தும். அதிரசத்துக்கு அவ்வளவாக இல்லை, வெல்லத்தோடு வெல்லம் மோதி திகட்டும். அதற்கு, புதுசாக இருந்தால், விண்டர் பிரவுனே மேல்.

ஆக ஐந்து பாட்டிலுக்கு நான்கு பேர் மேசைக்கு: இங்கிலீஷ் பிரவுன் இரண்டு, விண்டர் பிரவுன் இரண்டு, ஸ்டவுட் ஒன்று. கறி பிரதானம் என்றால் விண்டர் பிரவுனில் ஒன்றைக் குறைத்து இங்கிலீஷுக்குக் கொடுங்கள். திறந்த பாட்டிலை மூடி மறுநாளைக்கு வைக்கலாமா என்றால், ஸ்டவுட் சுமாராகத் தேறும், மற்ற இரண்டும் தேறாது. மீந்த இங்கிலீஷ் பிரவுனைக் கறி வேகும்போது ஒரு கரண்டி ஊற்றிவிடலாம். விண்டர் பிரவுனை ஊற்றினால் சுண்டச் சுண்டக் கசப்பு ஏறி குழம்பையே கெடுக்கும், அதைக் கொட்டிவிடுங்கள்.