ஜப்பானிய ஜுஜுட்சு, ஜூடோ, பிரேசிலியன் ஜியு-ஜிட்சு: புதிதாகச் சேர்பவர் எதைத் தேர்வது?

வயது வந்த பின் முதன்முறையாகப் பாயில் இறங்க நினைப்பவர் அருகிலுள்ள வகுப்புகளை விசாரித்தால், ஜப்பானிய ஜுஜுட்சு, ஜூடோ, பிரேசிலியன் ஜியு-ஜிட்சு ஆகிய மூன்று தற்காப்புக் கலைப் பெயர்களில் ஒன்றையோ மூன்றையுமோ காண்பார். மூன்றிலும் தடித்த பருத்தியில் தைத்த கி உடையும் இடுப்பில் வெள்ளை பெல்ட்டும் உண்டு. எறிதலும், மூட்டை வளைத்து முடக்கும் பூட்டும், கழுத்து நெரிப்பும் மூன்றுக்கும் பொது. ஒரே குடும்பத்தில் பிறந்த இந்த மூன்றையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: நீங்கள் ஓர் உத்தியைச் செய்யும்போது எதிரே நிற்பவர் அதற்கு இடம் கொடுக்கிறாரா, அல்லது உங்களைத் தடுக்க முழு மனத்தோடு முயல்கிறாரா?

இந்தக் கேள்வி பழையது. ஜுஜுட்சு என்பது ஒரு தனிக் கலையின் பெயரன்று. சாமுராய் காலத்து நெருங்கிய சண்டை முறைகளைக் கற்பித்த பல பள்ளிகளுக்கான பொதுப்பெயர். அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்றான தாகெனோஉச்சி மரபு 1532இல் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. மணிக்கட்டை முறிப்பதும் உயிர்நிலைகளில் அடிப்பதும் பயிற்சித் தோழர்மீது முழு வேகத்தில் செய்யக்கூடியவை அல்ல என்பதால், தாக்குபவர் யார், தடுப்பவர் யார், எந்த அசைவுக்குப் பின் எது என்று முன்பே வகுத்துக்கொண்ட ‘கதா’ என்னும் இணைப்பயிற்சியே இப்பள்ளிகளின் அடிப்படையாக இருந்தது. தென்ஜின் ஷின்யோ, கிதோ ஆகிய இரு மரபுகளைப் பயின்ற கானோ ஜிகோரோ, 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய்கள் விரித்த இடத்தில் ஜூடோவின் தாய்ப்பள்ளியான கோடோகானைத் தொடங்கியபோது, ஆபத்தான உத்திகளைக் கதாவுக்குள் ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை எதிர்க்கும் ஆளிடம் தடையின்றி முயன்று பார்க்கும் ‘ரந்தோரி’யைப் பயிற்சியின் நடுவில் வைத்தார். ரந்தோரி அவருக்கு முன்பும் இருந்தது. அதற்கு அவ்வளவு பெரிய இடம் கொடுத்ததுதான் அவர் செய்த மாற்றம். அந்தக் கோடோகானிலிருந்து புறப்பட்டு 1914இல் பிரேசிலை அடைந்த மாயேதா மிட்சுயோவின் வழியில் கிரேசி குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததே, பின்னர் தரைப் பிடியில் வளர்ந்து பிரேசிலியன் ஜியு-ஜிட்சு ஆனது.

இன்று ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய ஜுஜுட்சு என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில் பெரும்பாலானவை பழைய மரபுகளின் நேரடித் தொடர்ச்சி அல்ல. ஜூடோ, கராத்தே, ஐகிடோ ஆகியவற்றிலிருந்து எடுத்துக் கடந்த நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட பாடத்திட்டங்களே அவை. இதை ஒரு குறையாக நான் கருதவில்லை. கையைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது, பின்னாலிருந்து கழுத்தை வளைத்தால் தப்புவது, அடியைத் திசைதிருப்பி எறிந்து பூட்டுவது என்று, மற்ற இரண்டிலும் கிடைக்காத அகலம் இங்கே கிடைக்கிறது. ஜூடோ ரந்தோரியில் அடிக்க இடமில்லை. பூட்டும் முழங்கைக்கு மட்டுமே அனுமதி. தற்காப்பை நாடி வருபவர்களை, குறிப்பாகப் பெண்களை, ஜுஜுட்சு நெடுங்காலமாக ஈர்த்து வந்திருக்கிறது: முதல் உலகப் போருக்கு முன், லண்டனில் ஐந்தடிக்கும் குறைவான உயரமுடைய ஈடித் கேரட், வாக்குரிமைக்குப் போராடிய பெண்களுக்கு ஜுஜுட்சு கற்பித்தார். பயிற்சியின் வேகமும் மிதமானது. போட்டியின் அழுத்தம் இல்லை. ஐம்பது வயதில் சேர்பவரும் அச்சமின்றி நிற்கலாம்.

ஆனால் எதிர்ப்பே இல்லாமல் கதாவை மட்டும் ஆண்டுக்கணக்கில் செய்பவருக்கு, தன் உத்தி வேலை செய்யுமா என்று அறிய வழியே கிடைப்பதில்லை. கத்தியைப் பிடுங்கும் பயிற்சியில் இது வெறும் குறையாக நின்றுவிடாமல், உயிருக்கே ஆபத்தாக முடியும். ஒருவர் ஒரே ஒரு முறை குத்திவிட்டுக் கையை நீட்டியபடியே நிற்பார் என்று பழகிய உடல், அவர் கையை இழுத்து மீண்டும் மீண்டும் குத்தும்போது என்ன செய்யும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய பயிற்சிக்கு அப்படியே பொருந்தும். இதை உணர்ந்து, வகுப்பின் கடைசிப் பகுதியை ரந்தோரிக்கு ஒதுக்கும் ஜுஜுட்சு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அத்தகையவர் அருகில் கிடைத்தால் வேறெங்கும் போகத் தேவையில்லை.

ஜூடோ கொடுப்பது வேறு. பிடித்து, இழுத்து, எதிராளியின் நிலையைக் குலைத்து, நின்ற நிலையிலிருந்து எறியும் திறனை இந்த அளவுக்குக் கூர்மையாக்கும் வகுப்பு இம்மூன்றில் வேறில்லை. 1964இல் ஆண்களுக்கும் 1992இல் பெண்களுக்கும் ஒலிம்பிக் பதக்கப் போட்டியானதால் அது நாடுதோறும் பரவியது. அதே காரணத்தால் போட்டி விதிகள் பயிற்சியையும் வடிவமைக்கின்றன. கையால் காலைப் பிடித்து வீழ்த்தும் எறிகள் 2010இலிருந்து கட்டுப்படுத்தப்பட்டு 2013இல் முற்றாக விலக்கப்பட்டதும், பல மன்றங்களில் அவற்றைக் கற்பிப்பதே குறைந்துபோனது. உடலுக்கும் மூன்றில் இதுவே கடினம், ஏனெனில் உயரத்திலிருந்து விழுவது தினசரிப் பாடம்.

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு பெரும்பாலும் தரையில் நடப்பதால் விழும் அதிர்ச்சி குறைவு. பூட்டில் சிக்கியவர் கையால் தட்டிய உடனே பிடி விடப்படுவதால், முதல் வாரங்களிலேயே முழு எதிர்ப்போடு பயில முடிகிறது. முதல் சில மாதங்கள் பெரும்பாலும் தோல்விதான் என்பதை அறிந்தே சேர வேண்டும். பெல்ட்டுகளும் மெதுவாக வரும்: முக்கியப் போட்டிக் கூட்டமைப்பின் விதிப்படி வயது வந்தவர் நீல பெல்ட்டில் குறைந்தது 2 ஆண்டுகள் இருக்க வேண்டும், கறுப்பு பெல்ட்டுக்குச் சுமார் 10 ஆண்டுகள் ஆவது இயல்பு. நின்று சண்டையிடுவதையும் அடியைத் தடுப்பதையும் பல வகுப்புகள் ஒப்புக்கு மட்டுமே தொடுகின்றன.

முப்பது வயதுக்கு உட்பட்டவர், மூட்டுகள் நலமாக இருந்தால், முதல் ஆண்டை ஜூடோவில் செலவிடுவதையே நான் விரும்புவேன். ‘உகேமி’ எனப்படும் விழும் கலை அங்கேதான் உடலில் ஊறுகிறது; வழுக்கும் படிக்கட்டில் கூட அது துணைக்கு வரும். நாற்பதைத் தாண்டியவருக்கும், முழங்கால் வலி உள்ளவருக்கும், ரந்தோரி உள்ள ஜுஜுட்சு வகுப்பு அல்லது பொறுமையான பிரேசிலியன் வகுப்பு ஏற்றது. எதுவாயினும், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு முழுவதையும் ஓரமாக அமர்ந்து பாருங்கள். புதியவருக்கு எறிதலுக்கு முன்பே விழக் கற்றுத் தருகிறார்களா, தட்டியவுடன் பிடியை விடுகிறார்களா, ஆசிரியர் தம் மாணவரின் எதிர்ப்பை வரவேற்கிறாரா என்று கவனியுங்கள். பாடத்திட்டம் எந்த மரபிலிருந்து வந்தது என்று கேட்டால் நேராக விடை சொல்பவரிடம், ‘சாமுராய் ரகசியம்’ என்று மழுப்புபவரைவிட நம்பிக்கையுடன் சேரலாம்.